நாலாவது தம்பி: போல்ட் இட்டாலிக் எழுத்தின் கதை

பதிவு எழுதுற பெட்டிக்கு மேல வரிசையா பொத்தான்கள் இருக்குமே, அதுல ரெண்டே ரெண்டு பொத்தான் பத்தித்தான் இந்தப் பதிவு. தடியா ஒரு 'பி'. பக்கத்துல சாய்ஞ்ச மாதிரி ஒரு 'ஐ'. முதலாவதைத் தட்டினா எழுத்து தடிக்கும், ரெண்டாவதைத் தட்டினா சாயும். நம்ம ஆளுங்க சிலர் கோபம் தலைக்கேறினா ரெண்டையும் சேர்த்துத் தட்டிடுவாங்க. (யாருன்னு கேக்காதீங்க, பின்னூட்டப் பெட்டி தாங்காது :-))

அப்படி ரெண்டும் சேர்ந்து வர்ற எழுத்துக்குப் பேர் போல்ட் இட்டாலிக். தமிழ்ல தடித்த சாய்வெழுத்துன்னு சொல்லலாம். ஆங்கில எழுத்துரு ஒண்ணை எடுத்தா, பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்துதான் வருவாங்க: சாதாரணம், சாய்வு, தடிப்பு, தடிச்ச சாய்வு. அந்த நாலாவது ஆளைத்தான் நான் நாலாவது தம்பின்னு சொல்றேன். யாரும் அவ்வளவா கண்டுக்காத கடைக்குட்டி.

இவன் கதையைத் தேடித் தேடிப் படிச்சதுல எனக்கு ஆச்சரியமா இருந்தது ஒரு விஷயம். சாய்வும் தடிப்பும் ஒரே வம்சம் கிடையாது. சாய்வு பிறந்தது 1501ல் வெனிஸ் நகரத்துல, உக்கார்ந்து புத்தகம் படிக்கிறவங்களுக்காக. தடிப்பு பிறந்தது அதுக்கு முந்நூறு வருஷம் கழிச்சு லண்டன் தெருவுல, நடந்து போறவனை நிறுத்தி வச்சு ஒரு பொருளை விக்கறதுக்காக. ஒண்ணு தொனி, இன்னொண்ணு சத்தம். இந்த ரெண்டையும் ஒரு எழுத்துக்குள்ள கட்டிப்போட்ட கதைதான் கீழே வருது.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஆங்கில எழுத்தோட கோடுகள் முடியற இடத்துல சின்னதா ஒரு பாதம் மாதிரி இருக்கும் பாருங்க, அதுக்குப் பேர் செரீஃப். டைம்ஸ் நியூ ரோமன்ல இருக்கும், ஏரியல்ல இருக்காது. இந்தப் பதிவு முழுக்க செரீஃப் உள்ள எழுத்துகளைப் பத்தித்தான். பாதம் இல்லாத எழுத்தைப் பெரும்பாலும் அப்படியே சாய்ச்சு, இங்கே அங்கே திருத்தி வேலையை முடிச்சிடுவாங்க. செரீஃப் எழுத்துல அது நடக்காது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

வெனிஸ்ல ஒரு கையெழுத்து

ஆல்டஸ் மனூஷியஸ்னு வெனிஸ்ல ஒரு பதிப்பாளர். கிரேக்க, லத்தீன் இலக்கியங்களைக் கைக்கு அடக்கமான சின்னப் புத்தகமா போடணும்னு அவருக்கு ஆசை. 1501ல் வர்ஜிலோட கவிதைகளை அப்படிப் போட்டார். முழுக்க முழுக்க சாய்வெழுத்துல அச்சான முதல் புத்தகம் அதுதான். அதுக்கு முந்தின வருஷம் அவர் போட்ட புனித கேத்தரீன் கடிதங்கள் நூல்ல, ஒரு படத்துக்குள்ள மட்டும் சில சொற்கள் சாய்வெழுத்துல எட்டிப் பார்த்திருந்தது.

இந்த எழுத்தை வெட்டினவர் பொலோஞா ஊர்க்காரரான ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. வெட்டறதுன்னா நிஜமாவே வெட்டறதுதான். எஃகுக் கட்டையோட நுனியில எழுத்தைத் தலைகீழா, கண்ணாடியில தெரியற மாதிரி செதுக்கணும். அதைச் செம்புத் துண்டுல அடிச்சுக் குழி பண்ணணும். அந்தக் குழியில ஈயக்கலவையை ஊத்தினா ஒரு அச்செழுத்து வரும். ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியா இதே வேலை.

கிரிஃபோ நேர் எழுத்தைச் சாய்ச்சு வரையலை. அந்தக் காலத்து இத்தாலியப் படிப்பாளிகள் வேகமா எழுதற கையெழுத்தை முன்மாதிரியா எடுத்துக்கிட்டார். வேகமா எழுதினா எழுத்து கொஞ்சம் ஒடுங்கும், கொஞ்சம் சாயும், ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்குக் கை எடுக்காம ஓடும். அதனால சின்ன 'ஏ'வுக்கு மேல இருக்கற கூரை போயிடும். சின்ன 'எஃப்'போட வால் வரிக்குக் கீழே இறங்கும். ஆக, உண்மையான இட்டாலிக்குக்குச் சாய்வு ரெண்டாம்பட்சம், கையோட ஓட்டம்தான் முக்கியம். கிரிஃபோவோட பெரிய எழுத்துகள் சாயவே இல்லை, நேராத்தான் நின்னுச்சு!

இந்த எழுத்துக்கு வெனிஸ் செனட் 1502ல் ஆல்டஸுக்குத் தனி உரிமை கொடுத்துச்சு. அதையெல்லாம் பிரான்சுல இருந்த லியோன் நகரத்து அச்சகங்கள் சட்டை பண்ணலை. அப்படியே காப்பி அடிச்சாங்க. பொறுக்க முடியாம 1503ல் ஆல்டஸ் ஒரு எச்சரிக்கை அறிக்கை விட்டார். திருட்டுப் பதிப்புல இன்னின்ன இடத்துல பிழை இருக்கு, அதை வச்சு அடையாளம் கண்டுபிடிங்கன்னு. அந்த அறிக்கையைப் படிச்சே லியோன்காரங்க பிழையைத் திருத்திக்கிட்டாங்கன்னு ஒரு கதை உண்டு. நம்ம பதிவைச் சுட்டு வேற பேர்ல போடறவங்களுக்கு ஐந்நூறு வருஷப் பாரம்பரியம் இருக்கு பாருங்க.

கிரிஃபோ கதை இன்னும் சோகம். உரிமை ஆல்டஸ் பேர்ல போயிடுச்சு. கிரிஃபோ பிரிஞ்சு போய் சொன்சினோங்கற பதிப்பாளரோட சேர்ந்தார். 1503ல் வந்த பெட்ரார்க் நூல்ல, இந்த எழுத்தை உருவாக்கினவர் இவர்தான்னு சொன்சினோ எழுதி வச்சார். பிறகு ஊர் திரும்பின கிரிஃபோ மேல மருமகனை அடிச்சுக் கொன்னதா வழக்கு. அதோட அவர் தடமே காணோம். எழுத்துக்கு ஒரு குரல் கொடுத்த மனுஷன் கடைசியில இப்படி ஆயிட்டார்.

அடுத்த நூற்றாண்டுல சாய்வெழுத்து தன் சுதந்திரத்தை இழந்தது. முழுப் புத்தகமும் அதுல வர்றது குறைஞ்சு, நேர் எழுத்துக்கு உதவியாளா மாறிடுச்சு. 1560ல் வந்த ஜெனீவா பைபிள்ல, மூலத்துல இல்லாம மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்களைச் சாய்வுல போட்டாங்க. எவ்வளவு நாணயமான பயன்பாடு! 'இது மூலத்துல இல்லை, நான் சேர்த்தது'ன்னு சத்தம் போடாம சொல்லுது. அழுத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடி, வேறுபடுத்திக் காட்டறதுதான் சாய்வோட வேலையா இருந்தது.

லாட்டரிச் சீட்டும் தடி எழுத்தும்

சரி, லண்டனுக்குப் போவோம். பதினெட்டாம் நூற்றாண்டு முடியற சமயம். பாரிஸ்ல டிடோ குடும்பமும் பார்மாவுல போடோனியும் ஒரு புது பாணி எழுத்தைக் கொண்டு வந்திருந்தாங்க. நின்ன கோடு தடிமன், படுத்த கோடு மயிரிழை. பார்க்கறதுக்கு ராஜாவீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி.

லண்டன்ல ஃபேன் தெரு வார்ப்பகத்தை நடத்தின ராபர்ட் தோர்ன் இந்த பாணியை எடுத்துக்கிட்டு ஒரு காரியம் பண்ணார். மயிரிழையை மயிரிழையாவே விட்டுட்டு, தடிக்கோட்டை மட்டும் ஊதிப் பெருக்க வச்சார். ஊதி ஊதி, எழுத்தோட உயரத்துல கிட்டத்தட்ட ஐந்துல ரெண்டு பங்கு அளவுக்கு அந்தக் கோடு தடிச்சுப் போச்சு. ஃபேட் ஃபேஸ்னு பேர். குண்டு முகம்! பத்தொன்பதாம் நூற்றாண்டோட ஆரம்ப வருஷங்கள் அவை.

யாருக்கு வேணும் இப்படி ஒரு எழுத்து? புத்தகத்துக்கு வேண்டாம். தெருவுக்கு வேணும். தொழிற்புரட்சி நடந்துட்டிருந்த காலம், சரக்கு குவியுது, விக்கணும். அரசாங்க லாட்டரி வேற. தாமஸ் பிஷ்னு ஒரு லாட்டரி முகவர் சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டினதுக்குப் பேர் போனவர். இந்தக் குண்டு எழுத்துக்கு அந்த மாதிரி நோட்டீசுகள் சரியான தீனி. 1826ல் அந்த அரசு லாட்டரியையே நிறுத்தினாங்க.

குண்டு முகத்துக்கு ஒரு சாய்ஞ்ச ஜோடியும் கூடவே வந்துச்சு. நம்ம நாலாவது தம்பி முதன்முதலா தெருவுல இறங்கினது இங்கேதான். பார்த்தா விட மாட்டீங்க. கறுப்பா, கொழுப்பா, காத்துல சாய்ஞ்ச பனைமரம் மாதிரி. சின்ன எழுத்துகளோட நுனியில கோலிக்குண்டு மாதிரி உருண்டைகள். கோடு சேர்ற இடத்துல மட்டும் நூல் மாதிரி ஒரு இழை. கிரிஃபோவோட பேனா ஓட்டம் உள்ளே இருக்கு, ஆனா அது இப்போ சந்தையில கூவுற குரல். நேரா நிக்கற குண்டு எழுத்து பாறை மாதிரி உக்கார்ந்திருக்கும். சாய்ஞ்சது மட்டும் நகரற மாதிரி இருக்கும். கனமும் வேகமும் ஒண்ணா வர்றது இவன்கிட்ட மட்டும்தான். எனக்கு இவன் மேல பிரியம் வந்ததே அதனாலதான்.

படிச்ச அச்சுக்காரங்களுக்கு இது பிடிக்கலை. 1825ல் ஹான்சார்டுங்கற அச்சுத் தொழில் நிபுணர் தன்னோட பெரிய நூல்ல இந்தக் குண்டு எழுத்துகளைக் கடுமையா சாடியிருக்கார். ஊர் கேக்கலை. சந்தை எப்பவாவது நிபுணர் பேச்சைக் கேட்டிருக்கா?

ஒரு கூடுதல் மசாலா. 1820ல் தோர்ன் இறந்ததும் வார்ப்பகம் ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் வில்லியம் தோரோகுட். அச்செழுத்துத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஆள். லாட்டரியில பரிசு விழுந்த பணத்துலதான் அவர் வாங்கினார்னு சொல்வாங்க. லாட்டரி வித்த எழுத்தை லாட்டரிப் பணமே வாங்கியிருக்கு! அந்த வார்ப்பகத்துக் குண்டு எழுத்து, சாய்வோட சேர்த்து, இன்னிக்கும் தோரோகுட்ங்கற பேர்லயே புழங்குது.

தெருவுல இருந்து அகராதிக்கு

இதுவரைக்கும் தடிப்புங்கறது போஸ்டர் சமாச்சாரம். புத்தகப் பக்கத்துக்குள்ள அதுக்கு இடமில்லை. அதை உள்ளே கூட்டிட்டு வந்தவரும் அதே ஃபேன் தெரு ஆள்தான்: தோரோகுட்டோட பங்காளி ராபர்ட் பெஸ்லி. (பின்னாள்ல லண்டன் மேயராவே ஆனார்.) 1845ல் அவர் கிளாரண்டன்னு ஒரு எழுத்தை வெளியிட்டார். வெட்டினவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அடக்கமான தடிப்பு. சாதாரண எழுத்தோட ஒரே வரியில உக்கார்ந்தா உறுத்தாது, ஆனா கண்ணுல படும்.

அகராதி போடறவங்களுக்கு இது வரப்பிரசாதம். தலைச்சொல்லைத் தடியாப் போட்டா கண்ணு நேரா அங்கே போகும். 1884ல் வெளிவரத் தொடங்கின ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியிலும் தலைச்சொற்கள் கிளாரண்டன்லதான். புது வடிவமைப்புச் சட்டத்துல பெஸ்லி பதிவு பண்ணி மூணு வருஷப் பாதுகாப்பு வாங்கியிருந்தார். மூணு வருஷம் முடிஞ்ச கையோட எல்லா வார்ப்பகமும் காப்பி. மறுபடியும் லியோன் கதைதான்.

கவனிங்க, கிளாரண்டன் வந்தப்போ அதுக்குச் சாய்ஞ்ச ஜோடி கிடையாது. புத்தகப் பக்கத்துல தடிப்புக்கு ஒரு வேலை, சாய்வுக்கு ஒரு வேலை. ரெண்டும் சேர்ந்த ஆளுக்கு வேலையே இல்லை.

இன்னொரு ரசமான பயன்பாடும் கிளாரண்டனுக்குக் கிடைச்சது. மின்காந்தவியல்ல திசையோட கூடின அளவுகளைக் குறிக்க, அதாவது வெக்டர்களைக் குறிக்க, மேக்ஸ்வெல் ஜெர்மன் கோத்திக் எழுத்துகளைப் பயன்படுத்தினார். ஆலிவர் ஹெவிசைடுக்கு அது பிடிக்கலை. படிக்கவும் எழுதவும் கஷ்டம்னு விட்டுட்டு 1880களில் கிளாரண்டன் தடியெழுத்துக்கு மாறினார். இயற்பியல் புத்தகத்துல வெக்டர் தடியா வர்ற வழக்கம் வேரூன்றினது அப்படித்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி நம்ம தம்பிக்கு நல்ல வேலை கிடைக்கறது இந்த வழியிலதான்.

மெஷின் போட்ட பூட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியறப்போ அமெரிக்காவுல எழுத்துகளைக் குடும்பமா விக்கற பழக்கம் வந்தது. 1896ல் கட்டடக்கலைஞர் பெர்ட்ரம் குட்ஹியூ வரைஞ்ச செல்டன்ஹாம் எழுத்தை அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் எடுத்துக்கிச்சு. அங்கே மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் அதை இழுத்தார், அமுக்கினார், தடிச்சார், சாய்ச்சார். ரெண்டு டஜனுக்குக் கிட்ட வாரிசுகள். போல்ட் இட்டாலிக் அதுல முறையான உறுப்பினர். இதே பெண்டன் 1928ல் அல்ட்ரா போடோனின்னு பழைய லண்டன் குண்டு முகத்தையும் உயிர்ப்பிச்சார், சாய்வோட சேர்த்து.

ஆனா இதெல்லாம் தலைப்புக்கும் விளம்பரத்துக்கும். பத்தி பத்தியா ஓடற எழுத்துக்குள்ள நம்ம ஆள் நுழைய முடியலை. காரணம் அழகுணர்ச்சி இல்லை, மெஷின். 1886ல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில ஓட ஆரம்பிச்ச லினோடைப் இயந்திரத்தை எடுத்துக்கோங்க. சாவியைத் தட்டினா ஒரு பித்தளை அச்சு விழும், வரி நிறைஞ்சதும் ஒரு முழு வரியையே ஈயத்துல வார்த்துக் கொடுக்கும். பிறகு ஒவ்வொரு பித்தளை அச்சுலயும் ரெண்டு எழுத்து வைக்கற ஏற்பாடு வந்தது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நேர் எழுத்தும் சாய்வும் ஒரு ஜோடி. இல்லேன்னா நேர் எழுத்தும் தடிப்பும் ஒரு ஜோடி. ரெண்டே நாற்காலி, அதுல மூணாவது ஆளுக்கே இடமில்லை. நாலாவது ஆள் எங்கே உக்கார்றது? தடிப்பும் தடிச்ச சாய்வும் ஜோடியா இருக்கற செட்டுகளும் வித்தாங்கதான். ஆனா அதுக்கு வேற மேகசின் மாத்தணும். ஓடற பத்தியில ஒரு சொல்லுக்காக எந்தக் கம்போசிட்டர் அதைப் பண்ணுவார்?

இதுல இன்னொரு கொடுமையும் உண்டு. ஒரே பித்தளையில ரெண்டு எழுத்து இருக்கறதால ரெண்டுக்கும் ஒரே அகலம். கையெழுத்து மாதிரி ஒடுங்கி ஓட வேண்டிய சாய்வை நேர் எழுத்து அகலத்துக்கு இழுத்து நிறுத்தினாங்க. தடிச்சா அகலமாகணும், அதை அமுக்கினாங்க. பக்கத்து எழுத்து மேல தலையையும் வாலையும் நீட்டற சாய்ஞ்ச 'எஃப்' இந்த மெஷின்ல நீட்டவே முடியாது. குளிர்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கற மாதிரி குறுகி நிக்கும். பழைய அமெரிக்கப் புத்தகம் கிடைச்சா அந்தச் சாய்ஞ்ச 'எஃப்'பைப் பாருங்க, பாவமா இருக்கும்.

ஆக, நூற்றாண்டு முழுக்க படிக்கிற பக்கத்துல போல்ட் இட்டாலிக்கை அதிகம் பார்க்காததுக்கு ரசனை மட்டும் காரணமில்லை. வசதி இல்லை, அவ்வளவுதான்.

நாலு பேர் குடும்பம்

பூட்டைத் திறந்தது கணினி. 1985ல் ஆப்பிள் லேசர்ரைட்டர் பிரிண்டர் வந்தப்போ அதுக்குள்ள 13 எழுத்துருக்கள். கணக்குப் போடுங்க: டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர். ஒவ்வொண்ணுக்கும் நாலு வடிவம், 12. கூட சிம்பல்னு ஒண்ணு. 1992ல் விண்டோஸ் 3.1 டைம்ஸ் நியூ ரோமனைக் கொண்டு வந்தப்பவும் அதே நாலு. டைம்ஸ் நியூ ரோமன் 1932 அக்டோபர் 3ஆம் தேதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில முதல்ல தலைகாட்டின எழுத்து. ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வை, வரைஞ்சவர் விக்டர் லார்டண்ட். பத்திரிகைக்குன்னு பிறந்தது, பிறகு உலகத்துல பாதி விண்ணப்பக் கடிதங்களோட முகமா ஆயிடுச்சு.

நாலுங்கற எண்ணிக்கை அப்படியே கல்வெட்டா ஆயிடுச்சு. விண்டோஸ்ல ஒரு குடும்பப் பேருக்குக் கீழே சாதாரணம், சாய்வு, தடிப்பு, தடிச்ச சாய்வு மட்டும்தான் பொத்தானுக்குக் கட்டுப்படும். அஞ்சாவதா ஒரு மெல்லிசான வடிவம் வந்தா அதை வேற குடும்பம் மாதிரி தனிப்பேர்ல காட்டும். போஸ்டர்ல பிறந்து, நூறு வருஷம் பத்திகளுக்கு வெளியில நின்னவனுக்கு திடீர்னு சட்டப்படி நாலுல ஒரு பங்கு சொத்து! ரெண்டு பொத்தான் இருந்தா நாலு சேர்க்கை வரும், அதுல ஒண்ணு காலியா இருக்கக் கூடாது. அந்தக் கணக்குதான் இவனுக்கு உயில் எழுதிக் கொடுத்தது.

வரைஞ்சதும் வளைச்சதும்

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். பொத்தானைத் தட்டின உடனே வர்ற எழுத்து யாராவது வரைஞ்சதா, இல்லை கணினி அந்த நிமிஷத்துல வளைச்சதா? 1984ல் வந்த முதல் மெக்கின்டாஷ்ல தடிப்பும் சாய்வும் கணக்குப் போட்டு உண்டாக்கினதுதான். எழுத்தை ஒரு புள்ளி தள்ளி இன்னொரு தடவை போட்டா தடிப்பு. மேல் பாதியை வலது பக்கம் தள்ளினா சாய்வு. இப்பவும் நாலாவது வடிவம் இல்லாத எழுத்துருவுல நீங்க ரெண்டு பொத்தானையும் தட்டினா, இதே மாதிரி ஒரு போலியைத்தான் கணினி செஞ்சு தரும்.

கண்டுபிடிக்கறது சுலபம். சின்ன 'ஏ'வைப் பாருங்க. கூரையோட அப்படியே சாய்ஞ்சு விழற மாதிரி நின்னா பெரும்பாலும் போலி. கூரை போய், ஒரே வளைவா ஓடினா அசல். பாதங்களையும் பாருங்க. நேர் எழுத்தோட தட்டையான பாதம் அப்படியே இருந்தா போலி. பேனா தூக்கி எடுத்த மாதிரி ஒரு சுழிப்பு இருந்தா அசல்.

தடிச்ச சாய்வை அசலா வரையறது ஏன் கஷ்டம்? சாய்வு எழுத்து ஒடுக்கம். அந்த ஒடுக்கத்துக்குள்ள தடிக்கோடு வந்தா உள்ளே இருக்கற வெள்ளை இடம் காணாமப் போயிடும். சின்ன 'ஈ'யோட கண் அடைச்சிடும். கோடு பிரியற இடத்துல மை தேங்கின மாதிரி ஆயிடும். அதனால தடிமனை எங்கே கூட்டணும், எங்கே திருட்டுத்தனமா குறைக்கணும்னு ஒவ்வொரு எழுத்துலயும் முடிவு பண்ணணும். இதை ஃபார்முலா பண்ணாது, கண்ணுதான் பண்ணும்.

இதுக்கு நான் மதிக்கற உதாரணம் ஜார்ஜியா போல்ட் இட்டாலிக். வரைஞ்சவர் மேத்யூ கார்ட்டர். 1937ல் லண்டன்ல பிறந்தவர். இளவயசுல நெதர்லாந்துல ஹார்லம் ஊர்ல இருந்த என்ஸ்கெடே அச்சகத்துல, கிரிஃபோ பண்ண அதே எஃகு வெட்டும் வேலையைக் கத்துக்கிட்டவர். அவர்கிட்ட மைக்ரோசாஃப்ட் கேட்டது, மானிட்டர்ல படிக்கறதுக்கு ஒரு செரீஃப் எழுத்து. 1996ல் வெளிவந்தது.

அன்னிக்கு மானிட்டர்ல ஒரு எழுத்தோட கோடு ஒரு பிக்சல் அகலம். தடிக்கணும்னா ஒன்றரை பிக்சல் கிடையாது, ரெண்டுதான். அதாவது ஒரேயடியா ரெட்டிப்பு. ஜார்ஜியா போல்ட் மத்த எழுத்துருக்களோட போல்டை விடக் கனமா இருக்கறதுக்கு இந்தப் பிக்சல் கணக்குதான் காரணம். சாய்வோ இன்னும் மோசம், சாய்ஞ்ச கோடு பிக்சல்ல படிக்கட்டு மாதிரி உடையும். கார்ட்டர் வழக்கத்தைத் தலைகீழாக்கினார். முதல்ல பிக்சல் பிக்சலா எழுத்தை அமைச்சார், அப்புறம்தான் அதைச் சுத்தி வளைகோடு வரைஞ்சார். சின்ன அளவுலயும் பிசகாம நிக்க வைக்கற நுணுக்க வேலையை டாம் ரிக்னர் செஞ்சார். ஈயம் போச்சு, எஃகு போச்சு. ஆனா ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு எழுத்தையும் தனியா யோசிக்கற அந்தப் பழைய பொறுமை மட்டும் போகலை.

உருப்படியான உத்தியோகம்

இவ்வளவு பாடுபட்டு வந்தவனுக்கு என்ன வேலை கொடுக்கறோம்? பெரும்பாலும் கத்தற வேலைதான். ஆனா அர்த்தத்தோட வேலை செய்யற இடங்களும் உண்டு.

ஒண்ணு, உயிரியல். உயிரினங்களோட அறிவியல் பேரைச் சாய்வுல போடணும்ங்கறது மரபு. தலைப்பு தடியெழுத்துல இருந்து, அதுக்குள்ள அறிவியல் பேர் வந்தா? தடிச்ச சாய்வு. இங்கே தடிப்புக்குக் காரணம் தலைப்பு, சாய்வுக்குக் காரணம் பேர். ரெண்டும் சேர்ந்தது தற்செயல் இல்லை.

ரெண்டு, கணிதம். மாறிகளைச் சாய்வுல போடறது வழக்கம். ஹெவிசைடு வழியா வெக்டருக்குத் தடிப்பு வந்துடுச்சு. ரெண்டையும் சேர்த்து, வெக்டரையும் மேட்ரிக்சையும் தடிச்ச சாய்வுல போடச் சொல்லுது சர்வதேசத் தர நிர்ணய அமைப்போட ஐஎஸ்ஓ 80000-2. (நிறைய பாடப்புத்தகங்கள் இன்னும் நேரான தடிப்புலயே போடறாங்க, அது வேற சண்டை.) இங்கே சாய்வை எடுத்துட்டா ஒரு தகவல் போச்சு, தடிப்பை எடுத்துட்டா இன்னொண்ணு போச்சு. லாட்டரி விக்கறதுக்காகப் பிறந்தவன் ஐன்ஸ்டைன் வீட்டுல வேலைக்குச் சேர்ந்துட்டான்!

இதனாலயே 2001ல் யூனிகோடு 3.1 வந்தப்போ கணிதத்துக்குன்னு தடிச்ச சாய்ஞ்ச ஆங்கில எழுத்துகள் 52க்கும் தனித்தனி குறியெண் கொடுத்தாங்க. பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. நல்ல எண்ணத்துல செஞ்சது. பிறகு என்னாச்சு? பொத்தான் இல்லாத சமூக வலைத்தளங்கள்ல பேரை அலங்காரமா போட இதை எடுத்துக்கிட்டாங்க. கண்ணுக்கு அழகாத்தான் இருக்கு. ஆனா பார்வையில்லாதவங்க பயன்படுத்தற திரைவாசிப்பான் இதைச் சொல்லாப் படிக்காம, கணிதக் குறியீடுன்னு ஒவ்வொரு எழுத்தா ஒப்பிக்கலாம், இல்லை மொத்தமா விட்டுட்டுப் போகலாம். நமக்கு அலங்காரம், இன்னொருத்தருக்கு அது காலி இடம்.

நம்ம தமிழுக்கு வந்தா

விண்டோஸ் 2000 காலத்துல இருந்து நம்மள்ல பல பேர் தட்டினதும் படிச்சதும் லதா எழுத்துருவுலதான். லதாவுக்குன்னு யாரும் சாய்வு வடிவம் வரையலை. 'ஐ' பொத்தானைத் தட்டினா வந்தது கணினி தள்ளிவிட்ட போலி. 'ப', 'ட' மாதிரி மூலைமட்டமா நிக்கற எழுத்தெல்லாம் அடிச்ச காத்துல சாய்ஞ்ச வேலி மாதிரி ஆகும். மெய்யெழுத்து மேல இருக்கற புள்ளி வலது பக்கம் நகர்ந்து, அடுத்த எழுத்து மேல கண் வைக்கும். அதோட தடிப்பையும் சேர்த்தா, சின்ன அளவுல 'ணை'யும் 'ழு'வும் ஒரு மைக்கறை.

வெனிஸ்ல நடந்ததை இங்கே ஞாபகப்படுத்திக்கணும். சாய்வெழுத்து வந்தது கணக்குல இருந்து இல்லை, கையில இருந்து. நம்ம பாட்டன் பாட்டி வேகமா கடுதாசி எழுதினாங்களே, கூட்டெழுத்தா, ஓட்டமா, 'ன'வும் 'ள'வும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிப் போற மாதிரி. அசலான தமிழ் இட்டாலிக்னு ஒண்ணை யாராவது வரையணும்னா அங்கே இருந்து ஆரம்பிக்கணும்னு நான் நினைக்கறேன். எழுத்தைச் சாய்க்கறது இட்டாலிக் இல்லை, எழுத்தை ஓட விடறதுதான் இட்டாலிக்.

அதுவரைக்கும் நான் வச்சிருக்கற கொள்கை சின்னது. தமிழ்ல சாய்வு பொத்தானைத் தொடறதில்லை. மேற்கோளுக்கு மேற்கோள்குறி போதும். தடிப்பு, தலைப்புக்கு மட்டும். ஆங்கிலத்துல எழுதினா, எழுத்துருவுக்கு அசல் நாலாவது தம்பி இருக்கானான்னு அந்தச் சின்ன 'ஏ'வைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடறது. அப்பவும் பக்கத்துக்கு ஒரு தடவைக்கு மேல இல்லை. தெருவுல ஒருத்தன் கூவினா திரும்பிப் பார்ப்போம், தெருவே கூவினா காதைப் பொத்திக்குவோம்.

உங்க பழைய பதிவுகள்ல எத்தனை இடத்துல ரெண்டு பொத்தானையும் சேர்த்துத் தட்டியிருக்கீங்கன்னு எண்ணிப் பார்த்துப் பின்னூட்டத்துல சொல்லுங்க. தாத்தா பாட்டி எழுதின ஓட்டெழுத்துக் கடிதம் யார் வீட்டுலயாவது பரண் மேல இருந்தா அதையும் படம் எடுத்துப் போடுங்க. தமிழ் இட்டாலிக்கை வரையப்போற ஆளுக்கு எஃகு வேண்டாம், அந்தக் கடுதாசிதான் வேணும்.

டிஸ்கி: இந்தப் பதிவுல ஒரு இடத்துல கூட தடிச்ச சாய்வெழுத்து கிடையாது. நல்லா தேடிப் பார்த்துக்கலாம் :-)